சாப்பிடுகிறவனைப் பார்க்காதே

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த தம்பி மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அத்தை, இதப் பாருங்களேன்" என்று கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஓர் இரும்புக் கட்டில். மெத்தையைச் சுருட்டி ஓரமாக ஒதுக்கியிருந்தது. கட்டில் தகட்டுக்கு அடியில் எதையோ கொளுத்தி வைத்திருந்தார்கள். தகடே தோசைக்கல் ஆகிவிட்டது. அதில் எண்ணெய் விட்டு, பாக்கெட் நூடுல்ஸையும் நொறுக்கிய சிப்ஸையும் சேர்த்துப் பிசைந்து தட்டிய அடை ஒன்றைப் போட்டுத் திருப்புகிறார் ஒருவர். முகம் தெரியவில்லை. பச்சை குத்திய இரண்டு முன்கைகள் மட்டும்தான். அடை கிழியாமல் திரும்பியதும் ஒரு சிரிப்புச் சத்தம். அமெரிக்கச் சிறை ஒன்றுக்குள், கள்ளத்தனமாக உள்ளே போன கைப்பேசியில் எடுத்த படம்.

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அடை கிழியாமல் திரும்பினால் அடுப்படியில் நிற்கிற யாருக்கும் வருகிற சிரிப்பு அது. "என்ன பண்ணிட்டு உள்ள போனாராம்?" என்று சும்மாதான் கேட்டேன். "கொலைன்னு கீழ யாரோ எழுதியிருக்காங்க அத்தை" என்றாள், அடுத்த படத்தைத் தள்ளிக்கொண்டே.

என் கை கீரையிலேயே நின்றுவிட்டது.

அவளுடைய தாத்தா கொலையுண்டவர். அது அவளுக்குத் தெரியும். ஆனால் ஒரு வரியாகத்தான் தெரியும். 1980 மார்கழி. கண்மாய்த் தண்ணீர் முறை அன்று எங்களுடையது. ராத்திரி மடை திறக்கப் போன அப்பாவை, அதே மடையில் பாய்ச்சுகிற இன்னொருவர் மண்வெட்டியால் அடித்தார். விடிவதற்குள் அப்பா போய்விட்டார். எனக்கு 17 வயது, தம்பிக்கு 14. அடித்தவர் எங்களுக்கு முறையில் மாமா. அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் ஊரில் இருக்கிறார்கள். ஆயுள் தண்டனை ஆயிற்று. அந்த வழக்குக் கட்டில் தொடுத்தவர்கள் என்று எங்கள் பெயர் கிடையாது. அரசுக்கும் அவருக்கும்தான் வழக்கு. என் அம்மா அதில் அரசுத் தரப்பு இரண்டாம் சாட்சி, அவ்வளவுதான்.

அன்று இரவு தம்பி மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்னும் நிறையப் பார்த்தேன். 2020இல் கொரோனாவுக்காக அமெரிக்கச் சிறைகளில் பார்வையாளர்களை நிறுத்தினார்கள். அந்தக் காலத்தில்தான் டிக்டாக்கில் இந்தச் சிறைக் காட்சிகள் பெருகின. சமைக்கிறார்கள், ஆடுகிறார்கள், ஒருவருக்கொருவர் முடி வெட்டிவிடுகிறார்கள், ஒழுகும் கூரையைக் காட்டுகிறார்கள். கைப்பேசி வைத்திருப்பதே அங்கே குற்றம். மத்திய அரசின் சிறைகளில் அகப்பட்டால் ஓராண்டுவரை கூடுதலாக உள்ளே இருக்கவேண்டும் என்று 2010இல் சட்டம் போட்டிருக்கிறார்கள். இருந்தும் துணிகிறார்கள். முறையான வழியில் வீட்டுக்குப் பேசுவது அந்த நாட்டில் எத்தனை பாடு என்பதற்கு மார்த்தா ரைட் என்ற பாட்டி ஒருவரே போதும். சிறையிலிருந்த பேரனோடு பேச ஆகிற கட்டணத்தைத் தாங்க முடியாமல் 2000இல் நீதிமன்றம் போனவர். 2015இல் இறந்துபோனார். கட்டணத்தைக் கட்டுக்குள் கொண்டுவரும் சட்டம் அவர் பெயரைத் தாங்கி வந்தது 2023 ஜனவரியில்.

படங்களின் கீழே மக்கள் எழுதியிருந்ததையும் அவள் படித்துச் சொன்னாள். பெரும்பாலும் இரண்டு குரல்கள். இவ்வளவு நன்றாகச் சமைக்கிறவர், முகத்தில் வஞ்சம் இல்லாதவர், இவரை விட்டுவிடலாமே என்று ஒரு குரல். எங்கள் வரிப்பணத்தில் இவனுக்கு விருந்தா, இவனால் செத்தவர் இனிமேல் ஒரு வாய் சாப்பிட முடியுமா என்று மற்றொரு குரல். முதல் குரலுக்கு அவர் செய்தது என்னவென்று தெரியாது. இரண்டாவது குரலுக்குச் செத்தவர் பெயர் தெரியாது.

இரண்டாவது குரல் எனக்குப் புதிதல்ல. சிறை என்றதும் தமிழன் வாயில் முதலில் வருவது களி. "களி திங்கப் போறான்" என்போம். தண்டனையைத் தட்டில் வைத்துப் பேசுகிற வழக்கம் நம்முடையது. 2018 செப்டம்பரில் புழல் மத்தியச் சிறைக்குள் எடுத்த சில படங்கள் வெளியே வந்தன. மெத்தை, டிவி, கலர்ச் சட்டை, தட்டில் நல்ல சாப்பாடு. ஊரே கொதித்தது. சோதனை போட்டார்கள், டிவிகளை எடுத்தார்கள், கைதிகள் சிலரை வேறு சிறைகளுக்கு மாற்றினார்கள். காசு உள்ளவனுக்குச் சிறைக்குள்ளும் சொகுசு என்றால் அந்தக் கோபம் நியாயமானது. காசில்லாதவன் அதே சுவருக்குள் எப்படிக் கிடக்கிறான் என்று கேட்கிற கோபம் அது. ஆனால் எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில் அன்று யாரும் அதைக் கேட்கவில்லை. பேச்செல்லாம் சட்டையின் நிறத்தையும் தட்டிலிருந்த சோற்றையும் பற்றித்தான். தீர்ப்பு வராத கைதி சொந்தச் சட்டை போட்டுக்கொள்ள 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டமே இடம் தருகிறது. இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் அப்படித் தீர்ப்புக்குக் காத்திருப்பவர்கள். அதை அன்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. அந்தப் படத்தைப் பார்த்தபோது என் நெஞ்சும் சூடாகத்தான் இருந்தது. அந்த மாமாவும் மதுரைச் சிறையில் இப்படித்தான் இருந்திருப்பாரோ என்று ஒரு கணம் எரிந்தது.

கள்ளக் கைப்பேசியை வெறும் விளையாட்டுச் சாமானாக நினைத்துவிடவும் கூடாது. அமெரிக்காவின் தென் கரோலினாவில் ராபர்ட் ஜான்சன் என்ற சிறை அதிகாரிக்கு இந்தக் கைப்பேசிகளையும் மற்றக் கடத்தல் பொருள்களையும் பிடிப்பதுதான் வேலை. 2010இல் ஒரு விடிகாலை அவர் வீட்டுக்குள் புகுந்து ஆறு முறை சுட்டார்கள். ஏவல் போனது சிறைக்குள்ளிருந்து, அதே கள்ளக் கைப்பேசி வழியாக. மனிதர் பிழைத்துக்கொண்டது அதிசயம். அதே மாநிலத்தில் 2018 ஏப்ரலில் லீ சிறைக்குள் நடந்த கலவரத்தில் ஏழு கைதிகள் செத்தார்கள். அதற்கும் கைப்பேசிகளைத்தான் அதிகாரிகள் காரணம் காட்டினார்கள். ஆனால் அந்த மாநிலம் செய்த இன்னொரு காரியமும் உண்டு. சமூக வலைத்தளத்தில் எழுதுவதைக் கொலை, கலவரம் இவற்றோடு ஒரே வரிசைக் குற்றமாக வைத்தது. 38 முகநூல் பதிவுகளுக்காக ஒரு கைதிக்கு 37 ஆண்டுக்கு மேல் தனிமை அடைப்பு விதித்திருந்தார்கள் என்பது 2015இல் வெளியே தெரிந்தது. ஒருவன் பேசியதற்கு இவ்வளவு என்றால், அவனைப் பேசவிடக் கூடாது என்பதைவிட, அவன் இருக்கிறான் என்பதே வெளியே தெரியக்கூடாது என்ற எண்ணம்தான் அதில் எனக்குத் தெரிகிறது.

1988இல் அந்த மாமாவின் தாயார் இறந்தார். போலீஸ் காவலோடு பரோலில் கொண்டுவந்தார்கள். காரியம் முடிந்து திரும்புகிற வழியில், பேருந்து நிற்கிற இடத்துக் கடையில் அவரை உட்காரவைத்து பரோட்டா வாங்கிக் கொடுத்தார்கள். கடைக்காரர் ஏதோ சொல்ல, அவர் சிரித்தார். சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்று தம்பி அதைப் பார்த்துவிட்டான். அப்போது அவனுக்கு 22 வயது. வீட்டுக்கு ஓடிவந்தவன் எரவாணத்தில் செருகியிருந்த அரிவாளை உருவினான். "சிரிக்கிறான்மா. உக்காந்து தின்னுக்கிட்டுச் சிரிக்கிறான்" என்றான். அவன் உடம்பு முழுக்க நடுங்கியது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. நான் வாசற்படியை மறித்துக்கொண்டு நின்றேன்.

அம்மா அடுப்பை விட்டு எழுந்திருக்கவில்லை. ஊதாங்குழலைக் கீழே வைத்தாள். "சாப்பிடுறவன யாருடா உன்ன நின்னு பாக்கச் சொன்னது?" என்றாள்.

சின்ன வயதில் எங்களை எத்தனையோ முறை இதே சொல்லால் அதட்டியிருக்கிறாள். பக்கத்து வீட்டில் யாராவது இலை போட்டு உட்கார்ந்திருக்கும்போது நாங்கள் எட்டிப் பார்த்தால் முதுகில் ஒன்று விழும். சாப்பிடுகிறவர் வாயைப் பார்க்கக்கூடாது. பார்த்தால் கண்ணேறு படும் என்பார்கள், பார்க்கிறவனுக்கும் நல்லதல்ல என்பார்கள். அன்று அதே அதட்டல். தம்பிக்குக் கை தளர்ந்தது. "அருவாள வச்சிட்டுக் கை கழுவிட்டு வா, உனக்கும் சோறு இருக்கு" என்றாள். அவன் வந்து உட்கார்ந்தான். ஒரு கவளம் இறங்கவில்லை. தட்டில் கையை வைத்தபடி அழுதான். அம்மா அன்றிரவு சாப்பிடவே இல்லை.

இதை வைத்து அம்மா மன்னித்துவிட்டாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கடைசிவரை மன்னிக்கவில்லை. அந்த வீட்டோடு கொடுக்கல் வாங்கல் கிடையாது, பேச்சு கிடையாது. அந்த மாமாவின் மனைவி சிறையில் அவரை மனு பார்க்க மதுரைக்குப் போகிற பேருந்தில் அம்மா ஏறமாட்டாள். அடுத்த வண்டிக்கு நிற்பாள். அவள் செய்தது வேறொன்று. அவனுடைய சோற்றில் எனக்கு வேலை இல்லை என்று கண்ணை எடுத்துக்கொண்டாள். அந்தக் கண்ணை எடுப்பதற்கு அவளுக்கு எவ்வளவு பலம் வேண்டியிருந்தது என்பதை நான் நாற்பது வயதுக்கு மேல்தான் உணர்ந்தேன்.

பௌத்த நூல்களில் அங்குலிமாலன் கதை பலருக்குத் தெரியும். கொன்றவர்களின் விரல்களைக் கோத்து மாலையாகப் போட்டவன் புத்தரைச் சந்தித்துத் துறவியானான் என்பதோடு மேடைகளில் கதையை முடித்துவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு வருகிற பகுதி. அவன் ஓடெடுத்துப் பிச்சைக்குப் போகிறான். ஜனங்கள் கல்லையும் கட்டையையும் எறிகிறார்கள். மண்டை உடைந்து, ஓடு உடைந்து, ஆடை கிழிந்து திரும்பிவருகிறான். பொறுத்துக்கொள் என்கிறார் புத்தர். எறிந்தவர்களை அவர் ஒரு சொல் குறை சொன்னதாக அந்த இடத்தில் இல்லை. விநய நூலில் இன்னொரு செய்தி உண்டு. இவனைச் சங்கத்தில் கண்டு ஜனங்கள் மிரண்டு ஓடினார்கள், முறையிட்டார்கள். அதன்பின், பேர்போன கள்வர்களுக்குத் துறவு கொடுக்கக்கூடாது என்று புத்தர் விதியே வகுத்தார். அங்குலிமாலனை வெளியே அனுப்பவும் இல்லை, தெருவின் பயத்தைத் தூக்கி எறியவும் இல்லை. கல் பட்டவனின் உள்ளம் மாறியிருந்தது உண்மை. கல் எறிந்தவன் வீட்டில் ஒருவர் குறைந்திருந்ததும் உண்மை.

மன்னிப்பு ஒரு சொத்து என்று வைத்துக்கொண்டால் பட்டா யார் பெயரில் இருக்கிறது? இஸ்லாமியச் சட்டம் இதில் தெளிவாகப் பேசுகிறது. கொலையுண்டவரின் வாரிசுகள் பழி கேட்கலாம், ஈட்டுத்தொகை பெற்றுக்கொள்ளலாம், விட்டும்விடலாம், உரிமை அவர்களுடையது. நம்முடைய சட்டத்தில் உரிமை அரசுடையது, வீட்டார் சாட்சிகள். எது மேல் என்று வாதாட நான் வரவில்லை. இரண்டிலும், வழியில் போகிறவருக்குப் பங்கு இல்லை. விரலால் படத்தைத் தள்ளிக்கொண்டே போகிற ஒருவர், பச்சை குத்திய கையைப் பார்த்து "மன்னிச்சிடலாம்" என்று எழுதினால், அவர் எடுத்துக் கொடுப்பது என் அம்மாவின் பெட்டியிலிருந்து. "தூக்கில் போடு" என்று எழுதுகிறவரும் அதே பெட்டியில்தான் கை வைக்கிறார். எங்கள் கோபத்தை இரவல் கேட்கவில்லை, எடுத்துக்கொண்டார். இதை நான் வருத்தத்தோடு சொல்கிறேன், ஏனென்றால் இரண்டு பேருமே நல்ல மனத்தோடுதான் எழுதுகிறார்கள்.

முப்பது வருடத்துக்கு மேல் மணிமேகலை பாடம் நடத்தியிருக்கிறேன். அதில் சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை என்று ஒன்று. காயசண்டிகை என்ற பெண்ணின் வடிவத்தில் இருக்கும் மணிமேகலை அமுதசுரபியோடு சிறைக்குள் போகிறாள்; பசித்துக் கிடந்தவர்களுக்குச் சோறு போடுகிறாள். செய்தி அரசன் காதுக்குப் போகிறது. உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறான். சிறையை அறச்சாலை ஆக்கு என்கிறாள். ஆக்கிவிடுகிறான். ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் ஏதாவது ஒரு பிள்ளை எழுந்து, "அவங்கள்லாம் என்ன தப்பு பண்ணிட்டு உள்ள இருந்தாங்க மேடம்?" என்று கேட்கும். நூலை எழுதிய சாத்தனார் அந்தப் பட்டியலைத் தரவில்லை. மணிமேகலையும் கேட்டுவிட்டுச் சோறு போடவில்லை.

ஆனால் சாத்தனார் அதோடு நிறுத்தியிருந்தால் அவரை நான் இவ்வளவு நம்பியிருக்க மாட்டேன். அடுத்த காதையிலேயே இளவரசன் உதயகுமரன் வெட்டுப்பட்டுச் சாகிறான். வெட்டியவன் காயசண்டிகையின் கணவன் காஞ்சனன், சிறைப்படுவது மணிமேகலை. சிறையை அறச்சாலையாக்கக் கேட்டவளுக்கே சிறை. செத்தவனின் தாய் இராசமாதேவி அவளைச் சிறையிலிருந்து விடுவிப்பதுபோல வெளியே கொண்டுவந்து, மனம் பேதலிக்க மருந்து கொடுக்கிறாள், ஒருவனை ஏவி மானம் கெடுக்கப் பார்க்கிறாள், நோய் என்று பெயர் சொல்லி அறையில் போட்டு அடைக்கிறாள். ஒரு தாயின் ஆத்திரம் என்னவெல்லாம் செய்யும் என்பதை மறைக்காமல் எழுதியிருக்கிறார் மனிதர். கடைசியில் மணிமேகலை அவளிடம், நீ அழுவது உடம்புக்கா உயிருக்கா, உடம்புக்கு என்றால் அதைச் சுடுகாட்டில் வைத்தது யார் என்ற பொருளில் கேட்கிறாள். வகுப்பில் அதைப் பெரிய ஞானமாக நடத்துவேன்.

ஒருமுறை விடுமுறையில் இந்தக் கதையை அம்மாவிடம் சொன்னேன். சோறு போட்ட இடம் வரைக்கும் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டாள். சிறையைத் திறந்ததுக்கும் ஒன்றும் சொல்லவில்லை. இந்தக் கேள்வி வந்ததும் நிமிர்ந்தாள். "பெத்தவகிட்டக் கேக்குற கேள்வியா அது?" என்றாள். அதன்பிறகு அந்தப் பகுதியை நடத்தும்போதெல்லாம் என் குரல் தானாகத் தணிந்துவிடும். அரசன் ஒரு சொல்லில் சிறையைத் திறந்துவிட்டான். அந்தத் தாயிடம் போய்ச் சேர மணிமேகலைக்கு அவ்வளவு வதை பட வேண்டியிருந்தது.

அலபாமாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் என் பேச்சு அநியாயமாகிவிடும். அந்த மாநிலத்து ஆண்கள் சிறைகளில் கைதிகளை வன்முறையிலிருந்து காப்பாற்றாமல் விட்டிருப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று அமெரிக்க அரசின் நீதித்துறையே 2019 ஏப்ரலில் அறிக்கை கொடுத்தது. உள்ளே இருந்தவர்கள் ஆண்டுக்கணக்காகக் கள்ளக் கைப்பேசிகளில் அதைப் படம் எடுத்து வெளியே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ரத்தம் படிந்த தரை, போதையில் சரிந்து கிடக்கும் உடம்புகள், காயத்தோடு பேசுகிற முகங்கள். அந்தக் காட்சிகளைப் பெரிதும் வைத்து, 2025இல் 'தி அலபாமா சொல்யூஷன்' என்ற ஆவணப்படம் வந்தது. காவலர்கள் அடித்ததில் 2019இல் செத்துப்போன ஒரு கைதியின் தாய் அதில் வருகிறார். மகனுக்கு என்ன நடந்தது என்று கேட்டு அலைகிறார். அவர் மகன் என்ன செய்துவிட்டு உள்ளே போனான் என்று என் வாயில் கேள்வி எழவில்லை.

இங்கே பார்க்காதே என்று அம்மா சொல்லியிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். சாப்பிடுகிறவன் வாயைப் பார்க்கக் கூடாது என்றவள், பசித்து வந்தவன் முகத்தைப் பார்க்காமல் கதவைச் சாத்தினாலும் அதே அளவு திட்டியிருப்பாள். சிறை அரசாங்கத்துடையது, அதாவது நம் பேரில் நடப்பது. அதற்குள் ஒருவன் அடிபட்டுச் சாகிறான் என்றால் அது வழியில் போகிறவரின் காரியமும்தான். அந்த அறையில் என்ன சோறு போடுகிறார்கள், கூரை ஒழுகுகிறதா, தீர்ப்பு வராமல் எத்தனை வருடமாக ஒருவன் கிடக்கிறான் என்பதை நாம் கேட்கலாம், கேட்க வேண்டும். அவன் சிரிக்கலாமா கூடாதா என்பதில் மட்டும் நமக்குச் சொல் இல்லை. அதில் சொல் உள்ளவர்கள் எங்கோ ஒரு வீட்டில் அடுப்பின் முன் உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த இரவு தம்பி மகளிடம் அவள் தாத்தா கதையை முதன்முறையாக முழுக்கச் சொன்னேன். மடை, மண்வெட்டி, இரண்டாம் சாட்சி எல்லாம். "அப்பா அருவா எடுத்தாரா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். உள் அறையில் படுத்திருந்த அவள் அப்பாவைக் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொண்டாள்.

அந்த மாமா தண்டனை முடிந்து வெளியே வந்து ஊரிலேயே இருந்தார். 2011இல் அம்மா இறந்தபோது வந்தார். வீட்டுப் பக்கம் வரவில்லை. தெருமுனை வேப்பமரத்தடியில், தோளிலிருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். தம்பி பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. நானும் உள்ளே கூப்பிடவில்லை. வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்த பெண் என்னிடம் வந்து, "அவருக்கும் கொடுக்கவா அக்கா?" என்று கேட்டாள். கொடு என்றேன். அவர் குடித்த பக்கம் நான் திரும்பிப் பார்க்கவில்லை.